மண்டபத்தைத் திட்டிய விமர்சனம்: வக்கீல் நோட்டீசுக்குப் பயந்து நீக்க வேண்டுமா?

உங்கள் இணையதளத்தில் வாசகர் ஒருவர் ஒரு கல்யாண மண்டபத்தைக் குறை சொல்லி விமர்சனம் எழுதியதற்கு, மூன்று நாளில் நீக்காவிட்டால் பத்து லட்சம் கேட்போம் என்று நோட்டீஸ் வந்திருக்கிறது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். பதறாதீர்கள். வக்கீல் நோட்டீஸ் நீதிமன்ற உத்தரவு அல்ல.

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 79 பிறர் எழுதியதற்கு இடம் மட்டும் கொடுக்கும் தளத்தைப் பாதுகாக்கிறது. விஷயம் தெரிந்தும் நீக்காவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். ஆனால் 'தெரிந்தும்' என்பதற்கு 2015 மார்ச்சில் ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த பொருள், நீதிமன்ற உத்தரவோ அரசின் அறிவிப்போ வந்தால்தான் என்பது. (இணையத்தில் புண்படுத்தும்படி எழுதுவதைக் குற்றமாக்கிய, அதே சட்டத்தின் 66ஏ பிரிவு ரத்தான தீர்ப்புதான் இது. எல்லோருக்கும் அது மட்டும்தான் ஞாபகம்.)

எனக்கு உறுத்துவது வேறு. விமர்சனத்தின் தலைப்பை நீங்களே 'மோசடி மண்டபம்' என்று மாற்றியதாக எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் சிக்கல். உள்ளடக்கத்தைத் தேர்ந்தெடுக்கவோ மாற்றவோ கூடாது என்பது 79இன் நிபந்தனை. அந்த வார்த்தை வாசகருடையது அல்ல, உங்களுடையது. அவதூறு வழக்கு வந்தால் முதலில் அதைத்தான் பிடிப்பார்கள். பழைய தலைப்பையே திரும்பப் போடுங்கள். அதற்கு முன் இரண்டையும் பிரதி எடுத்து வையுங்கள்.

அப்புறம், அதே சட்டத்தின் கீழ் வந்த 2021 விதிகளின்படி, புகார்களை வாங்கிக் கவனிக்கும் குறைதீர் அலுவலரின் பெயரும் தொடர்பு விவரமும் தளத்தில் இருக்க வேண்டும். நீங்களேகூட அந்த அலுவலராக இருக்கலாம். நோட்டீசுக்குப் பதில் போடாமல் விடாதீர்கள். உள்ளூர் வக்கீல் ஒருவரை வைத்து எழுதுங்கள், தலைப்பு விஷயத்தை அவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.