பழைய விண்வெளித் தொடரைத் தமிழில் மீண்டும் எடுத்தால் யாராவது பார்ப்பார்களா?

“கார்ல் சேகனின் ‘காஸ்மாஸ்’ போன்ற ஒரு தொடரை இன்று தமிழில் எடுத்தால் பார்ப்பதற்கு ஆள் இருக்குமா, அல்லது ஆங்கிலத் தொடருக்குத் தமிழ்க் குரல் கொடுத்தாலே போதுமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். ‘காஸ்மாஸ்’ என்பது அமெரிக்க வானியலாளர் சேகன் வழங்கிய ஆங்கில அறிவியல் தொலைக்காட்சித் தொடர். கேள்வியின் இரண்டாம் பாதியைப் பார்த்தால், தொடரை எடுக்கும் எண்ணம் உங்களுக்கே இருப்பதாகவும், செலவைக் கணக்கிட்டுப் பார்த்துத் தயங்குவதாகவும் தோன்றுகிறது. முதற்பாதிக்கு என் பதில், பார்ப்பார்கள் என்பதே. இரண்டாம் பாதிக்கான பதிலைச் சொல்ல, எனக்கு நேர்ந்த இரண்டு நிகழ்ச்சிகளை விவரிக்க வேண்டியிருக்கிறது.

எண்பதுகளில் தூர்தர்ஷன் ‘காஸ்மாஸ்’ தொடரை ஒளிபரப்பியபோது, மேற்கு மாம்பலத்தில் ஆறு குடித்தனங்கள் இருந்த ஒரு வீட்டின் பின்கட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்காரர் கூடத்தில் மட்டுமே தொலைக்காட்சிப் பெட்டி உண்டு. சேகனின் ஆங்கிலம் எங்களில் யாருக்கும் பிடிபடாததால், தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்த பக்கத்துப் போர்ஷன் மாமா முன்வரிசையில் அமர்ந்து மொழிபெயர்ப்பார். தொழில் பழக்கம் அவரை விடவில்லை; சேகன் ஒரு நிமிடம் பேசியதை ஐந்து சொற்களில் முடித்துவிடுவார். “நட்சத்திரம் வெடித்தது. நாம் அதன் சாம்பல்.” அவ்வளவுதான். பத்தாம் பகுதியில் தமிழ்நாட்டுப் பொங்கலும் நடராசர் திருமேனியும் திரையில் வந்தபோது மட்டும் அவர் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டு, அடுக்களையில் இருந்தவர்களையெல்லாம் கூவி அழைத்தார்.

அவரிடம் ஒரு குறை இருந்தது. மில்லியன் என்றால் பத்து லட்சம், பில்லியன் என்றால் நூறு கோடி; அவரோ இரண்டையுமே “பத்து லட்சம்” என்றே சொல்லிவந்தார். பார்ப்பவர்கள் பில்லியனை மில்லியன் என்று மாற்றிக் கேட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் அச்சொல்லின் முதல் எழுத்தை அழுத்தி உச்சரித்ததாகச் சேகனே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். அந்த அழுத்தம் மேற்கு மாம்பலம் வரை வந்து சேரவில்லை. பள்ளிப் பேச்சுப் போட்டியில், பால்வீதியில் பத்துக் கோடி விண்மீன்கள் இருப்பதாக நான் முழங்கினேன். குறைந்தது பத்தாயிரம் கோடி என்று நடுவர் அனைவர் முன்னிலையிலும் திருத்தினார். பரிசு போனதைவிட, நான் மனத்தில் கட்டி வைத்திருந்த வானம் ஆயிரம் மடங்கு சிறியது என்று தெரிந்ததுதான் பல நாள் உறுத்தியது. மாமாவிடம் இதை நான் சொல்லவே இல்லை.

இரண்டாவது நிகழ்ச்சி சில ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது. ஒரு தொலைக்காட்சி நிறுவனம் வாங்கியிருந்த வெளிநாட்டு விண்வெளி ஆவணப்படத்துக்குத் தமிழ் உரை எழுதும் வேலை எனக்குக் கிடைத்தது. அந்த நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. பேரண்டத்தின் வயது 1,380 கோடி ஆண்டுகள் என்று நான் எழுதியதை, அயல்நாட்டுப் படத்தில் கோடி பொருந்தாது என்று சொல்லி, 13.8 பில்லியன் என்று மாற்றினார்கள். சூரியனை அடுத்து நமக்கு மிக அருகிலுள்ள விண்மீனான பிராக்சிமா சென்டாரி ஏறத்தாழ 4.2 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது, அதாவது சுமார் 40 லட்சம் கோடி கிலோமீட்டர் என்று விளக்கியிருந்தேன். ஆங்கிலப் பேச்சின் நேரத்துக்குள் அடங்கவில்லை என்று அந்த விளக்கத்தை வெட்டினார்கள். இறுதியில் குரல் கலைஞர் அதை “நான்கு ஒளியாண்டுகளுக்கு முன்பு” என்று வாசித்துவிட்டார். ஒளியாண்டு தொலைவின் அளவு, காலத்தின் அளவன்று என்று நான் மன்றாடியும், “யாருக்கும் தெரியாது மேடம்” என்ற பதிலோடு படம் ஒளிபரப்பாயிற்று. ஊதியம் எட்டு மாதம் கழித்து வந்தது. அது வேறு கதை.

இதைப் படித்துவிட்டு என்னைத் தனித்தமிழ்ப் பிடிவாதக்காரி என்று சொல்லச் சிலர் வருவார்கள். டெலஸ்கோப் என்று எழுத எனக்குத் தயக்கமில்லை. குரல் கலைஞர்களையும் நான் பழிக்கவில்லை; பிறர் பேசி முடித்த நேரத்துக்குள் தமிழை மடக்கித் திணிக்கச் சொன்னால் யாராலும் நன்றாகச் செய்ய முடியாது. எண்ணைச் சொன்னவுடன் கேட்பவர் மனத்தில் ஓர் அளவு தோன்ற வேண்டும் என்பதுதான் என் வாதம். பிரம்மாவின் ஒரு பகலும் இரவும் 864 கோடி ஆண்டுகள் என்று நம் புராணக் கணக்கிலேயே இருக்கிறது. அந்தப் பத்தாம் பகுதியில் சேகன் வியந்து குறிப்பிட்டதும் அதைத்தான். இப்பெரிய எண்களுக்குத் தமிழில் இடமில்லை என்பவர்கள் பஞ்சாங்கத்தைக்கூடப் புரட்டாதவர்களாக இருக்க வேண்டும்.

பழைய தொடரை அப்படியே மறுபடி காட்டுவதும் போதாது. 1980இல் அது வெளிவந்தபோது, சூரியனைப் போன்ற வேறொரு விண்மீனைச் சுற்றும் கோள் எதுவும் கண்டறியப்பட்டிருக்கவில்லை. 1995க்குப் பின் அத்தகைய கோள்கள் ஆயிரக்கணக்கில் தெரியவந்துள்ளன. ஆங்கிலத்தில் வானியற்பியலாளர் நீல் டிகிராஸ் டைசனை வைத்து 2014லும் 2020லும் தொடரைப் புதுப்பித்துவிட்டார்கள். முதல் தொடரைச் சேகனோடு சேர்ந்து எழுதிய ஆன் ட்ரூயனே அவற்றிலும் முன்னின்றார். அவர்கள் பழைய உரையை வெட்டி ஒட்டாமல் புதிதாக எழுதினார்கள் என்பதைக் கவனியுங்கள்.

ஆகவே உரையை முதலில் தமிழில் எழுதிவிட்டு, அதற்கேற்பப் படம் பிடியுங்கள். தொடங்குவதற்கு நுங்கம்பாக்கம் வானிலை ஆய்வு மைய வளாகத்தைப் பரிந்துரைப்பேன். 1792இல் நிறுவப்பட்ட சென்னை வானாய்வகத்தின் கருங்கல் தூண் அங்கே தமிழ்க் கல்வெட்டோடு நிற்கிறது. அந்த ஆய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஒரு மாறொளிர் விண்மீனை, அதாவது ஒளி கூடியும் குறைந்தும் வரும் விண்மீனைக் கண்டறிந்தவர். 1874இல் வெள்ளிக் கோள் சூரியனுக்குக் குறுக்கே கடந்தபோது, அதைப் பொதுமக்களுக்கு விளக்க ஆங்கிலத்திலும் இந்திய மொழிகளிலும் சிறு நூலை உரையாடல் வடிவில் எழுதினார். காலையில் எந்தத் தமிழ் அலைவரிசையைத் திருப்பினாலும் சனியும் குருவும் யாருக்கு என்ன செய்யப் போகின்றன என்பதை மட்டுமே கேட்க வேண்டியிருக்கும் இந்த ஊரில், அவருடைய பெயரைச் சொன்னால் எத்தனை பேருக்குத் தெரியும்?

உரை எழுத ஆள் தேவைப்பட்டால் நான் வருகிறேன். ஊதியம் தாமதமானாலும் பொறுத்துக்கொள்வேன். கோடியைப் பில்லியனாக்கச் சொன்னால் மட்டும் எழுந்து போய்விடுவேன்.