'மின்கசிவு' என்று எழுதிவிட்டால்?

கேள்வி: வியாசர்பாடியில் தள்ளுவண்டியில் இட்லிக் கடை போட்டிருந்தேன். நள்ளிரவில் யாரோ பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தியதில் வண்டியும் வீட்டுக் கூரையும் போய்விட்டன. அணைக்கப் போன எனக்கு இடது கையும் கழுத்தும் வெந்துவிட்டன. ஸ்டேஷனில் 'மின்கசிவாக இருக்கும்' என்கிறார்கள். ஆள் பிடிபடாமல் அரசாங்கத்திடம் இழப்பீடு கேட்க முடியாதாமே?
– ஒரு வாசகி, வியாசர்பாடி

பதில்: யாரோ தப்பாகச் சொல்லியிருக்கிறார்கள் அம்மா. குற்றத்தால் பாதிக்கப்பட்டவருக்கு அரசே இழப்பீடு தரும் ஏற்பாடு 2009 டிசம்பர் கடைசியிலிருந்து சட்டத்தில் இருக்கிறது. இப்போது அது பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்ற குற்ற விசாரணை நடைமுறைச் சட்டத்தின் 396-வது பிரிவு (பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும்). குற்றவாளி யாரென்றே தெரியாமல் வழக்கு விசாரணைக்கு வராவிட்டாலும் நீங்களே மனுப் போடலாம் என்று அதிலேயே இருக்கிறது. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கொடுங்கள். விசாரணையை 2 மாதத்தில் முடிக்கவேண்டும் என்பது சட்டம். நடை அதற்கு மேலேயும் ஆகும்.

என் பயமெல்லாம் அந்த 'மின்கசிவு' மீதுதான். தானாகப் பிடித்த தீ என்றால் குற்றமே இல்லை, அப்புறம் இழப்பீடு எங்கே? தண்டையார்பேட்டையில் 31 வருடம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன் நான். ஒரு பெண்ணின் ஏ.ஆர். காப்பி (காயம் எப்படி ஆனது என்று ஆஸ்பத்திரியில் எழுதும் விபத்துப் பதிவேட்டின் நகல்) இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. ஆஸ்பத்திரியில் சேர்த்த இரவு கூட வந்த மைத்துனர், வம்பு எதற்கென்று 'ஸ்டவ் வெடிச்சிடுச்சு' என்று சொல்லியிருக்கிறார். டியூட்டி டாக்டர் அப்படியே கிறுக்கிவிட்டார். கொளுத்தியது யாரென்று தெருவுக்கே தெரியும். அந்த ஒன்றரை வரியைத் தாண்டி வர எங்களுக்கு எட்டு மாதம் ஆனது.

அதனால் முதலில் உங்கள் ஏ.ஆர். காப்பியை வாங்கி, தீ எப்படிப் பிடித்ததாக எழுதியிருக்கிறது என்று பாருங்கள். தீயணைப்பு நிலையத்திலும் அறிக்கை கேட்டு வாங்குங்கள். பெட்ரோல் வாடை அடித்தது, கேன் கிடந்தது, யார் பார்த்தார்கள் என்பதையெல்லாம் எழுதி ஸ்டேஷனில் கொடுத்து, பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றச் சட்டத்தில் தீவைப்புக்கான 326-வது பிரிவில் வழக்குப் பதியச் சொல்லுங்கள். வாங்க மறுத்தால் துணை ஆணையருக்குப் பதிவுத் தபால், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட். வக்கீலுக்குக் காசு வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100-க்கு போன் செய்தால் வழி சொல்வார்கள்.

எவ்வளவு கிடைக்கும்? பெண்களுக்கான 2018 இழப்பீட்டுத் திட்டத்தில் தீக்காயத்துக்குத் தனி வரி இருக்கிறது. 20 சதவீதத்துக்குக் கீழ் என்றால் 2 முதல் 3 லட்சம், முகம் சிதைந்தால் 7 முதல் 8 லட்சம். ஆனால் எரிந்த வண்டிக்கும் இட்லிப் பானைக்கும் அந்த அட்டவணையில் வரி கிடையாது. சட்டத்தின் விளக்கத்தில் 'தீங்கு' என்றால் சொத்துக்கு வருவதும் சேர்த்திதான். பணம் கொடுக்கும் இடத்தில் மட்டும் உடம்போடு நின்றுவிடுகிறார்கள். கை ஆறினாலும் வண்டி இல்லாமல் நீங்கள் எதை வைத்துப் பிழைப்பது? கொளுத்தப்பட்டவர்களுக்குப் பிழைப்புச் சாமானையும் சேர்த்துத் தரவேண்டும் என்பது என் கட்சி. மனுவில் வண்டி விலையையும் விடாமல் எழுதுங்கள், மறுத்தால் மறுக்கட்டும். கூரைக்கு வட்டாட்சியர் அலுவலகத்தில் தனியாகக் கேளுங்கள், அது வேறு கணக்கு.

கேள்வி: தெருவில் நிறுத்தியிருந்த என் ஆட்டோவைக் கொளுத்திவிட்டார்கள். எனக்கும் இழப்பீடு உண்டா?
– ஒரு வாசகர், காசிமேடு

பதில்: உங்களுக்குக் காயம் இல்லை என்பதால் இந்த வழி கஷ்டம்தான் தம்பி. ஃபுல் இன்சூரன்ஸ் இருந்தால் தீக்கும் சேர்த்துத்தான் பிரீமியம் கட்டியிருப்பீர்கள். தேர்ட் பார்ட்டி மட்டும் என்றால் பைசா வராது. எஃப்.ஐ.ஆர். போட்டு, கம்பெனிக்கு உடனே தகவல் சொல்லுங்கள். சர்வேயர் வந்து பார்க்கும்வரை வண்டியை நகர்த்தாதீர்கள். ஆர்.சி.யும் உள்ளேயே வைத்திருந்து எரிந்துவிட்டது என்றால், அதையும் எஃப்.ஐ.ஆரில் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.