செவ்ரான் போனால் எச்-4 வேலை அனுமதியும் போய்விடுமா?
சட்டம் தெளிவாக இல்லாவிட்டால் அரசுத் துறை சொல்லும் நியாயமான பொருளை நீதிமன்றம் ஏற்க வேண்டும் என்ற அமெரிக்காவின் செவ்ரான் தீர்ப்பை ரத்து செய்துவிட்டார்களே, மனைவியின் எச்-4 (எச்-1பி விசாவில் வேலை செய்பவரின் துணைக்குத் தரும் விசா) வேலை அனுமதி என்னாகும் என்று கேட்டிருந்தீர்கள். அதனால் போகாது. அதை ரத்து செய்தபோது, 2024 ஜூனில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: சட்ட வாசகம் தெளிவாக இல்லாத இடத்தில், துறை சொல்லும் பொருளை நீதிபதி அப்படியே ஏற்க வேண்டியதில்லை. (படகில் ஏறும் கண்காணிப்பாளருக்கு நாங்கள் ஏன் சம்பளம் தர வேண்டும் என்று ஹெர்ரிங் மீன் பிடிப்பவர்கள் போட்ட வழக்கு அது!) அப்புறம், அதே ஆண்டு ஆகஸ்டில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் எச்-4 விசாக்காரர்களுக்கு வேலை அனுமதி தரும் விதி செல்லும் என்றது. என்னைக் கேட்டால், நீதிமன்றத்தைவிட உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையைத்தான் கவனிக்க வேண்டும். 2015-இல் விதி போட்டதும் அதுதான். அறிவிப்பு கொடுத்து, கருத்து கேட்டு, அதைத் திரும்பப் பெறக்கூடியதும் அதுதான். இப்போதைக்கு, வேலை அனுமதி கார்டில் காலாவதித் தேதியைப் பார்த்து முன்கூட்டியே புதுப்பிக்க மனுப் போடுங்கள்.