கைபேசியை வாங்கி வைக்கலாமா?

மதிப்பிற்குரிய அம்மா, என் மகள் கோவையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அயல்நாட்டுப் போராளிகளை மணக்க வீட்டைவிட்டுப் போன பெண்களைப் பற்றிப் படித்ததிலிருந்து மனம் நிலைகொள்ளவில்லை. ஒன்றும் அறியாத பிள்ளைகளைக் கைபேசிதான் கெடுத்தது என்று நினைக்கிறேன். அதை வாங்கி வைத்துவிட்டு, படிப்பு முடியுமுன்பே மாப்பிள்ளை பார்த்துவிடுவது நல்லதல்லவா?

செ., பெருந்துறை

அன்புள்ள செ.,

உங்கள் அச்சம் நியாயமானது. 2016இல் ஐ.எஸ். (இஸ்லாமிய அரசு) என்ற பயங்கரவாத அமைப்பில் சேர ஆப்கானிஸ்தானுக்குப் போன கேரளக் குடும்பங்களில் சில, வாளையாறுக்கு அப்பால் நமக்கு அடுத்திருக்கும் பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்தவை. ஆனால் நீங்கள் சொல்லும் மருந்தை என்னால் ஏற்க முடியவில்லை.

2015 பிப்ரவரியில் லண்டன் பெத்னல் கிரீன் பள்ளி மாணவியர் மூவர் அதே அமைப்பில் சேர இஸ்தான்புல் வழியாகச் சிரியாவுக்குப் போனார்கள். அவர்களில் ஷமீமா பேகத்துக்கு அப்போது வயது 15. போய்ச் சேர்ந்த சில நாட்களிலேயே டச்சுக்காரர் ஒருவருக்கு மணமுடிக்கப்பட்டு, இருபது வயதாகுமுன் மூன்று குழந்தைகளைப் பெற்று மூன்றையும் பறிகொடுத்தார். மணமாகாமல் வந்த பெண்களை ஐ.எஸ். அமைப்பு காவலுள்ள விடுதிகளில் அடைத்து வைத்தது. அங்கிருந்து வெளியேற அவர்களுக்கு இருந்த வழி திருமணம்தான். கணவன் போரில் இறந்தால், இத்தா (கணவனை இழந்தவள் மறுமணத்துக்கு முன் காத்திருக்க வேண்டிய காலம்) முடிந்ததும் அடுத்த நிக்காஹுக்கு நெருக்கினார்கள். அந்த அமைப்பின் பெண்கள் பிரிவு 2015 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை, பெண்ணை 9 வயதிலேயே மணமுடிக்கலாம் என்றும், வீட்டுக்குள் இருப்பதே அவள் கடமை என்றும் கூறியது. சீக்கிரம் மணமுடித்துக் காவலில் வைப்பதுதான் அவர்களும் செய்தது. அதையே நீங்கள் தடுப்பு மருந்தாகச் சொல்வது என்னைக் கலங்க வைக்கிறது.

நம் பக்கத்துப் பெண்பிள்ளை வீட்டில் வாய் திறக்காததற்குக் காரணம் உண்டு. வேறு சாதிப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்த பொறியியல் படித்த இளைஞர் ஒருவர் 2015இல் திருச்செங்கோட்டிலிருந்து கடத்திக் கொல்லப்பட்டதை இங்கே எந்தப் பெண்ணும் மறக்கவில்லை. யாரோடு பேசுகிறோம் என்று சொன்னாலே ஆபத்து என்று அறிந்தவள், எவனாவது ஒருவன் இணையத்தில் பரிவாகப் பேசினாலும் அதை மறைக்கத்தான் செய்வாள். ஆள் பிடிப்பவர்களுக்கு வேண்டியதும் அந்த மறைவுதான்.

ஒன்றும் அறியாத பிள்ளைகள் என்று எல்லோரையும் சேர்த்துச் சொல்வதும் சரியன்று. ஐ.எஸ்.ஸுக்கு ஆட்பட்டு ஈராக் போன ஜெர்மானியப் பெண் ஒருத்தியும் அவள் கணவனும் யசீதி என்ற சிறுபான்மைச் சமயத்தைச் சேர்ந்த ஐந்து வயதுச் சிறுமியையும் அவள் தாயையும் அடிமைகளாக வைத்திருந்தார்கள். கொளுத்தும் வெயிலில் கணவன் சங்கிலியால் கட்டிப்போட, அந்தக் குழந்தை தாகத்தில் செத்தது, அந்த ஜெர்மானியப் பெண் தடுக்கவில்லை. மியூனிக் நீதிமன்றம் 2021இல் அவளுக்கு 10 ஆண்டுச் சிறை விதித்தது, பிறகு அது 14 ஆண்டாக உயர்த்தப்பட்டது. 15 வயதில் போன மாணவியையும் இவளையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. போகும்போது வயது என்ன, போன இடத்தில் என்ன செய்தாள் என்று ஒவ்வொருத்தியையும் தனித்தனியாக விசாரித்தாக வேண்டும்.

மகளிடம் கைபேசி இருக்கட்டும். அடுத்த முறை அவள் ஊருக்கு வரும்போது, இணையத்தில் யார் யாரோடு பழகுகிறாள் என்று சண்டைக்குப் போகாமல் கேளுங்கள். அவள் சொல்வது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். அதற்காக அன்றைக்கே மாப்பிள்ளைப் பேச்சை எடுத்துவிடாதீர்கள்.