தினமும் உங்கள் முகத்தையே வரைவது பற்றி

சகோதரி, மனச்சோர்வுக்கு மருந்து எடுக்கும் நீங்கள் தினமும் உங்கள் முகத்தையே வரைவதைக் கண்டு வீட்டார் பயப்படுகிறார்கள், நிறுத்திவிடவா என்று கேட்டிருந்தீர்கள். நிறுத்த வேண்டாம்.

1889 கோடையில் பிரான்சின் சான் ரெமி மனநலக் காப்பகத்தில் இருந்த ஓவியர் வான்கோ, நோய் முற்றிச் சில வாரங்கள் வரைய முடியாமல் கிடந்தார். தேறியதும் தன் முகத்தைத்தான் வரைந்தார். கருநீலப் பின்னணி, வெளிறி மெலிந்த முகம். நோயை அவர் மறைக்கவில்லை. ஆனால் கையிலுள்ள வண்ணத்தட்டைப் பாருங்கள், ‘நான் ஓவியன்’ என்கிறது! எனக்கு மிகப் பிடித்த இடம் அது.

வரைந்த பிறகு உங்கள் மீதே வெறுப்பு கூடுகிறதா? அன்றைக்கு மட்டும் கைகளை வரையுங்கள். படங்களில் தேதி குறித்து மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.