குதிரைவலுவை மட்டும் பார்க்காதீர்கள்: வேலைக்கான ஏ.ரீ.வி. கேள்வி-பதில்

கேள்வி: சிலாபத்தில் தென்னங்காணி இருக்கிறது. தேங்காய் ஏற்ற, உரம் இழுக்க ஏ.ரீ.வி. (மோட்டார் சைக்கிள் மாதிரி ஹாண்டில் உள்ள, கரடுமுரடான தரையில் ஓடும் நாலு சில்லு வண்டி) ஒன்று வேண்டும். ஹொண்டா ரான்சர் 420, பொலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மன் 570 இரண்டில் எது? 570க்குப் பவர் கூட என்கிறார்களே. (வத்தளை)

பவர் கூடத்தான். 570இன் எஞ்சின் 567 சிசி, 44 குதிரைவலு. ஆனால் உங்கள் காணிக்கு எவ்வளவு தேவை என்று ஒருமுறை கணக்குப் போடுங்கள். வண்டி 300 கிலோ, ஓட்டுபவர் 75, சுமை 200, எல்லாமாக 575 கிலோ. 15 பாகை ஏற்றத்தில் மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் ஏற ஐந்தரைக் குதிரைவலு போதும். ஈர மண்ணும் சேறும் சில்லைப் பிடிப்பதற்கு இன்னொரு நாலு சேர்த்தாலும் பத்துக்குள் முடிந்துவிடும். மிச்சமெல்லாம் வேகத்துக்கு. 8 மீற்றருக்கு ஒரு மரம் நிற்கிற இடத்தில் அந்த வேகத்தை வைத்து என்ன செய்வது?

பார்க்க வேண்டியது சுமை எல்லை. ரான்சரின் முன் ரெக்கில் (சுமை வைக்கும் தட்டில்) 30 கிலோ, பின் ரெக்கில் 60 கிலோ. 570இல் 41, 82. ஆக, 50 கிலோ உரமூட்டை இரண்டை இரண்டு வண்டியிலுமே பின்னால் அடுக்க முடியாது. பலர் அடுக்குகிறார்கள், முன்சில்லு லேசாகி, ஏற்றத்தில் ஹாண்டில் சொன்னபடி கேட்காமல் போவதும் அதனால்தான். ட்ரெயிலர் பெட்டி கட்டாயம் வேண்டும். இழுக்கும் எல்லை ரான்சருக்கு 385 கிலோ, 570இன் அண்மைய மொடல்களுக்கு 600 கிலோவுக்குச் சற்று மேல். இது பெட்டியின் நிறையும் சேர்ந்த கணக்கு, அதுவும் சமதரையில். பெட்டியின் கொக்கி வண்டியை அழுத்தும் பாரம் பின் ரெக்கின் கணக்கில் சேரும். சுமையில் 60 வீதம் பெட்டியின் அச்சுக்கு முன்னால் இருக்கட்டும். பின்பாரமாக ஏற்றினால் கொக்கி வண்டியின் பின்புறத்தைத் தூக்கும், சில்லு பிடி விடும்.

பெட்டியோடு 350 கிலோவுக்குள் வேலை முடியுமென்றால் ரான்சர். எஞ்சின் பவரைச் சில்லுக்குக் கொண்டுபோகப் பெல்ட் இல்லை, கியரும் ஷாப்ட்டும்தான். கவனிக்க வேண்டியவை குறைவு. அதற்கு மேலே என்றால் 570ஐப் பாருங்கள். யமஹா கோடியாக் 450ஐயும் பட்டியலில் சேருங்கள். அதன் எஞ்சின் 421 சிசிதான், ரான்சரோடு ஒன்றே என்று சொல்லலாம். ஆனால் இழுக்கும் எல்லை 600 கிலோ. சிசிக்கும் சுமைக்கும் நேரடித் தொடர்பில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. பிளாஸ்டிக்கில் ஒட்டியிருக்கும் இலக்கத்தையும் நம்ப வேண்டாம்: கேன்-ஏம் அவுட்லாண்டரின் புதிய 500, 700 இரண்டிலும் இருப்பது அதே 650 சிசி எஞ்சின். ஒன்றில் 40 குதிரைவலு, மற்றதில் 50.

கேள்வி: நுவரெலியாவில் மரக்கறித் தோட்டம். ஓட்டோ கியர் ஏ.ரீ.வி. இறக்கத்தில் அக்சலரேற்றரை விட்டதும் நியூட்ரல் போல ஓடத் தொடங்குகிறது. பிரேக் மட்டும் பிடித்தால் வழுக்குகிறது. வண்டியில் பிழையா? (வெள்ளவத்தை)

பிழையில்லை, பல பெல்ட் வண்டிகளின் இயல்பு அது. எஞ்சின் சுற்று குறைந்ததும் முன் புல்லி (பெல்ட் ஓடும் சக்கரம்) விரிந்து பெல்ட்டைத் தளர விடும். அந்த நொடியில் எஞ்சினுக்கும் சில்லுக்கும் தொடர்பு அறும். செய்ய வேண்டியது இது: இறக்கத்துக்கு முன்பே, சமதரையில், முழுதாக நிறுத்தி லோவுக்கு (மெதுவாக, பலமாக இழுக்கும் கியருக்கு) மாற்றுங்கள். பெல்ட் பிடிக்கும் அளவுக்கு மட்டும் துளி அக்சலரேற்றர் கொடுத்து இறங்கத் தொடங்குங்கள். எஞ்சின் பிரேக் வசதி (எஞ்சினே சில்லைப் பிடித்து வேகத்தைக் குறைப்பது) உள்ள வண்டி அதற்குப் பிறகு தானே பிடித்துக்கொள்ளும். பாதி இறக்கத்தில் கியர் மாற்றுவது, நியூட்ரலில் விடுவது, குறுக்கே திரும்புவது மூன்றும் கூடாது. உடலைப் பின்னுக்குச் சாய்த்து நேராக இறங்குங்கள்.

வண்டிக்கு வண்டி இது மாறும். யமஹாவில் பெல்ட் எப்போதும் இறுக்கமாகவே இருக்கும். ஃபோர்வீலில் போட்டால் எஞ்சின் பிடிப்பு நாலு சில்லுக்கும் போகும். பொலாரிஸில் முன்சில்லு தேவைப்படும்போது மட்டும் தானாகச் சேரும் முறை. அதனால் சாதாரண மொடலில் இறக்கப் பிடிப்பு பின்சில்லுக்கு மட்டும்தான். நாலுக்கும் வேண்டுமென்றால் இறக்கக் கட்டுப்பாடு, அதாவது ஏ.டி.சி. பூட்டிய மொடலைக் கேட்டு வாங்க வேண்டும். ஹொண்டாவில் முதல் கியரில் போட்டால் விஷயம் முடிந்தது. மலைக்கு வாங்குகிறவர் குதிரைவலுவுக்கு முன் இந்தக் கேள்வியைத்தான் கேட்க வேண்டும்.

இன்னொன்று. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். காற்றின் அடர்த்தி கொழும்பைவிட ஏறக்குறைய 17 வீதம் குறைவு, பவரும் அதே அளவு குறையும். 44 குதிரைவலு வண்டி அங்கே 36, 37தான். இன்ஜெக்சன் வண்டி பெற்றோல் கலவையைத் தானே சரிசெய்யும், இழந்த பவரைத் திருப்பித் தராது. காபரேற்றர் வண்டி என்றால் கலவை கூடிக் கறுப்புப் புகை தள்ளும். சிறிய மெயின் ஜெட் (பெற்றோல் வரும் துளை) போட வேண்டும்.

(தேயிலைக் காணிக்கு யோசிக்கிறவர்களுக்கு: செடி வரிசைக்கு இடையே 1.2 மீற்றர்தான், வண்டியின் அகலமும் ஏறக்குறைய அதுவே. தோட்டப் பாதையில் மட்டும்தான் ஓடும்.)

கேள்வி: கல்பாதையில் வண்டி பந்து போலக் குதிக்கிறது. ஷொக் மாற்ற வேண்டுமா? (தெஹிவளை)

முதலில் காற்றைப் பாருங்கள். ஏ.ரீ.வி. ரயருக்கு 4 முதல் 7 பி.எஸ்.ஐ. வரை காற்றுத்தான் வேண்டும், ரான்சருக்கு 4.4. பெற்றோல் ஷெட்டில் முச்சக்கர வண்டிக்கு அடிக்கிற மாதிரி அடித்தால் 20ஐத் தாண்டிவிடும். ரயரின் நடுப்பகுதி மட்டும் தரையில் படும். பிரேக், திருப்பம், பிடி எல்லாம் அதோடு போச்சு. ஷெட்டிலுள்ள கேஜில் 4ஐச் சரியாக வாசிக்கவும் முடியாது. 0 முதல் 10 பி.எஸ்.ஐ. வரை காட்டும் குறைந்த அழுத்தக் கேஜ் ஒன்றும் சைக்கிள் பம்ப் ஒன்றும் வாங்குங்கள். காலையில், ஓடுவதற்கு முன் அளவுங்கள். இடது வலதுக்கு இடையில் 1 பி.எஸ்.ஐ. வித்தியாசம் இருந்தாலே கால்வாசி வித்தியாசம். வண்டி ஒரு பக்கம் இழுக்கும். இதைச் செய்தும் குதித்தால் ஷொக்கைப் பார்ப்போம்.

பெரிய ரயர் போடலாமா என்று அடிக்கடி வரும் கேள்விக்கும் இங்கேயே பதில். 25 அங்குலத்துக்குப் பதில் 27 போட்டால் தரையிலிருந்து உயரம் ஓர் அங்குலம்தான் கூடும். சில்லில் இழுவை 7 வீதத்துக்கு மேல் குறையும், பெல்ட் சூடாகும், கவிழும் வாய்ப்பும் கூடும். வேலை வண்டிக்கு வேண்டாம்.

கேள்வி: மருந்து தெளிக்க 100 லீற்றர் தாங்கி பூட்ட வேண்டும். பின்னால் ஒற்றை அச்சு நல்லதா, தனித்தனி சஸ்பென்சன் நல்லதா? (கொட்டாஞ்சேனை)

100 லீற்றர் தண்ணீரே 100 கிலோ. ரான்சர், 570 இரண்டின் பின் ரெக்கும் அதைத் தாங்காது. 570 என்றால் 60, 70 லீற்றர் தாங்கி, ரான்சர் என்றால் அதைவிடச் சிறியது வாங்குங்கள், அல்லது சிறு பெட்டியில் வைத்து இழுங்கள். தாங்கிக்குள் தடுப்புத் தகடு இருக்க வேண்டும். பாதி நிரம்பிய தாங்கிதான் முழுத் தாங்கியைவிட ஆபத்து: சரிவில் திரும்பும்போது தண்ணீரெல்லாம் தாழ்ந்த பக்கம் ஓடி, கவிழ்கிற பக்கத்துக்கே பாரத்தைச் சேர்க்கும்.

அச்சு விஷயத்தில், சுமையோடு சமதரையில் ஒற்றை அச்சு குறைவாகச் சாயும், உடைய உறுப்புகளும் குறைவு. ஆனால் இரண்டு பின்சில்லும் ஒரே வேகத்தில் சுற்றுவதால் திருப்பத்தில் நேரே தள்ளும். அக்சலரேற்றரைக் குறைத்து, உடலை உட்பக்கம் சாய்த்து, வெளிப்பக்கக் காலில் பாரத்தை அழுத்தித் திருப்ப வேண்டும். தார் வீதியில் இந்தத் தள்ளல் இன்னும் மோசம். இந்த வண்டிகள் வீதிக்குச் செய்யப்பட்டவையும் அல்ல. தனித்தனி சஸ்பென்சன் கல், வேர், வாய்க்கால் உள்ள காணிக்கு நல்லது, அடிப்பாகம் உயரமாக நிற்கும். சுமையோடு சரிவில் அது கூடுதலாகச் சாயும் என்பதை மறக்கக் கூடாது.

ஆஸ்திரேலியாவில் 2021 ஒக்டோபர் 11 முதல் விற்கும் புதிய வேலை ஏ.ரீ.வி. எதுவும், நிறுத்திவைத்துச் சரிக்கும் சோதனையில் பக்கவாட்டில் 28.8 பாகை வரை தாங்க வேண்டும். கவிழ்ந்தால் ஓட்டுபவர் நசுங்காமல் இருக்கப் பின்னால் ஒரு பாதுகாப்புச் சட்டமும் பூட்டியிருக்க வேண்டும். அந்தச் சட்டத்தைத் தனியாகவும் வாங்கிப் பூட்டலாம். சரிவுக் காணிக்காரர் வின்ச்சுக்கு (மாட்டிய வண்டியைக் கம்பியால் இழுக்கும் கருவிக்கு) கொடுக்கும் காசை முதலில் இதற்குக் கொடுக்கலாம் என்பது எங்கள் அபிப்பிராயம்.

கேள்வி: பாரம் இழுத்தபின் ரப்பர் கருகும் மணம் வருகிறது. (மட்டக்குளி)

பெல்ட் வழுக்குகிறது. பாரத்தோடு ஹையில் 10 கி.மீ.க்குக் கீழே ஊர்ந்ததுதான் பெரும்பாலும் காரணம். லோவில் போயிருக்க வேண்டும். அடுத்த காரணம் தண்ணீர். பெல்ட் மூடியின் அடியில் வடிகட்டும் செருகி இருக்கும், கழற்றி வடிய விடுங்கள். பிறகு நியூட்ரலில் சில தரம் சுற்றைக் கூட்டி உலர்த்துங்கள்.

மணம் நிற்காவிட்டால் மூடியைத் திறவுங்கள். பெல்ட்டின் ஓரம் கண்ணாடி போல மினுங்கினாலோ, ஓரிடத்தில் மட்டும் இடுப்பு மாதிரி ஒடுங்கியிருந்தாலோ மாற்ற வேண்டும். ஒடுக்கம் இருந்தால் ஓடத் தொடங்கும்போது ஒவ்வொரு சுற்றிலும் ஒரு உதறல் தெரியும். இரண்டு புல்லிகளின் முகத்தையும் பிரேக் கிளீனரால் துடையுங்கள், கிரீஸ் துளியும் படக் கூடாது. ஒயில் தெரிந்தால் கிராங்க் சீல் கசிகிறது. அதைச் சரிசெய்யாமல் புதுப் பெல்ட் போடுவது காசை எரிப்பது. பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் அளவு பார்த்து ஸ்கூட்டர் பெல்ட் தருவார்கள். வேண்டாம், வண்டியின் பார்ட் நம்பரைக் கொடுத்தே எடுங்கள்.

கேள்வி: 92 பெற்றோலா, 95ஆ? (பம்பலப்பிட்டி)

ரான்சருக்கும் கோடியாக்குக்கும் 92 தாராளம். 95 அடித்தால் பவர் கூடாது.

கேள்வி: பின்னால் ஒரு ஆளை ஏற்றலாமா? சீட் நீளமாகத்தானே இருக்கிறது? (கிராண்ட்பாஸ்)

கூடாது. ஓட்டுபவர் முன்னும் பின்னும் நகர்ந்து பாரத்தை மாற்றத்தான் அந்த நீளம். 16 வயதுக்குக் குறைந்தவர் கையில் பெரியவர்களுக்கான வண்டியைக் கொடுக்கவும் கூடாது.

கேள்வி: பாவித்த வண்டி பார்க்கப் போகிறேன். எதைத் தட்டிப் பார்ப்பது? (ஹெந்தளை)

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே போங்கள். முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். ஒயில் பால் தேநீர் நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. முன்பக்கத்தை ஜக்கில் தூக்கி, சில்லை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள்: ஆட்டம் இருந்தால் பிழை பெயரிங்கில் அல்லது போல்-ஜொயின்டில் (சில்லைத் தாங்கும் குமிழ் மூட்டில்). பக்கவாட்டில் ஆடினால் டை ரொட், அதாவது சில்லைத் திருப்பும் தண்டு. அச்சு ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் தெறித்திருந்தால் உறையோடு ஜொயின்டுக்கும் சேர்த்து விலை பேசுங்கள். கடற்கரையில் ஓடியதென்றால் சட்டத்தின் அடிப்பக்கத்தையும் கால்மிதி பூட்டும் இடத்தையும் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். கடைசியாக ஃபோர்வீலில் போட்டு, மணலில் மெதுவாக நகர்த்தி, முன்சில்லு உண்மையில் சுற்றுகிறதா என்று வேறொருவரைக் கொண்டு கவனியுங்கள். மீற்றரில் எழுத்து எரிவது அதற்கு அத்தாட்சி இல்லை.