கல்லூரி ஆசிரியராக வாரம் முழுக்க வகுப்பு எடுக்க வேண்டியிருக்கும்போது கருத்தரங்குகளுக்கு எப்படிப் போய்வருகிறீர்கள்?

நேரம் தானாகக் கிடைக்காது, பருவம் தொடங்கும்முன் கால அட்டவணை போடும்போதே பேசிப் பிடித்துவைக்க வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் வகுப்பு, அதற்கு மேலுள்ளவர்களுக்கு 14 (சில தனியார் கல்லூரிகளில் எவ்வளவு மணி நேரம் வேலை வாங்குகிறார்கள் என்பது தனிக்கதை). வெள்ளி கடைசி மணியும் திங்கள் முதல் மணியும் உங்கள் பெயரில் விழாமல் பார்த்துக்கொண்டால், மதுரையிலிருந்து இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறி சனி, ஞாயிறு சென்னையில் இருந்துவிட்டு, விடுப்பே எடுக்காமல் திங்கள் இரண்டாம் மணிக்கு வகுப்பில் நிற்கலாம்.

வேலைநாளில் போனால் ஓ.டி. (ஆன் டியூட்டி, பணியில் இருப்பதாகவே கணக்கிடும் அனுமதி) வாங்க வேண்டும், அதோடு ஆல்டரேஷன் படிவம், அதாவது உங்கள் வகுப்பை யார் எடுப்பார் என்று எழுதிக் கொடுக்கும் தாள். ஒவ்வொரு மணிக்கும் அதை எடுக்கும் சக ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கியாக வேண்டும். "சும்மா போய் உட்காருங்க சார்" என்று அவரிடம் கேட்காதீர்கள், உங்கள் மணியில் அவர் தன் பாடத்தையே நடத்தட்டும், திரும்பி வந்ததும் அவர் மணியை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள், இருவருக்கும் பாடம் நிற்காது.

அப்புறம், கட்டணம் கட்டினால் போதும் சான்றிதழ் தருகிறோம் என்கிற கருத்தரங்குகளை அடியோடு விட்டுவிடுங்கள், பாதிப் பயணம் அதிலேயே குறைந்துவிடும். விடைத்தாள் கட்டை மட்டும் ரயிலுக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், தொலைந்தால் பதில் சொல்லி மாளாது.